நான் பிராண்ட் ஆன தீபாவளி

எனக்கு யாராவது அறிவுரை சொன்னால் பாதிதான் காதில் ஏறும். மீதிப் பாதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன். இந்தக் குணத்தால் நான் பட்டது கொஞ்சமில்லை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே எனக்கு மலர் வளையம் வந்தது ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் சொல்லப் போகிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் எழுந்து போய் ஒரு கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

என் பெயர் தெய்வானை. பிறந்தது கேரி தீவு எஸ்டேட்டில், குடியிருப்பது கிள்ளானில். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் பக்கம் நான் போனதில்லை. (அதுவும் என் பக்கம் வந்ததில்லை, அந்த வகையில் நியாயமான மொழி.) தொழில், கோலம் போடுவது. வாசலில் இழுக்கிற மாவுக் கோலம் இல்லை. அரிசிக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்து, பேரங்காடியிலும் ஹோட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் தரை நிறைய விரிக்கிறார்களே, அந்தக் கோலம். தீபாவளி சமயத்தில் கிள்ளான் பக்கம் வந்திருந்தால் என் கோலத்தின் முன்னால் நின்று நீங்களும் படம் எடுத்திருப்பீர்கள். மயிலின் கழுத்தில் நீலம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு போனால் அது என் கை.

கையைத் தெரியும். ஆளைத் தெரியாது. அதுதான் என் எரிச்சல். "யார் போட்டது?" என்று கேட்டால் "ஒரு ஆன்டி" என்பார்கள். ஒரு வருஷம் பேப்பரில் படம் வந்தது. திறந்து வைத்தவர் பெயர் போட்டார்கள், பேரங்காடி மேனேஜர் பெயர் போட்டார்கள், நடனம் ஆடிய பெண் பெயர்கூடப் போட்டார்கள். ஓரத்தில் என் கை மட்டும் விழுந்திருந்தது. கைக்கு யார் பெயர் போடுவார்கள்?

இந்த நிலையில்தான் பூச்சோங்கிலிருந்து புஷ்பா கிளம்பினாள். எனக்கு மகள் வயது. கோலம் சுமார்தான். அவள் போடுகிற மயிலுக்குத் தண்ணீர் காட்டினால் நீந்திப் போய்விடும், அப்படி ஒரு வாத்துக் களை. ஆனால் அவளுக்கு ஊதா நிறத்தில் வேன் இருந்தது. வேனில் அவள் முகம் இருந்தது. கூட வருகிற பெண்களுக்கெல்லாம் ஊதா டீ-ஷர்ட். அரிசி வைக்கிற தட்டு ஊதா, போன் உறை ஊதா. கோலத்தைப் பார்க்காமல் டீ-ஷர்ட்டைப் பார்த்தே "ஓ, புஷ்பாவா" என்று ஜனங்கள் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் பேரங்காடி மேனேஜர் மிஸ்டர் லிம் போன் செய்தார். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். நடுத்தரைக் கோலம் பல வருஷமாக என்னுடையது. இந்தத் தடவை புஷ்பாவும் கேட்டிருக்கிறாள், கமிட்டி கூடி இரண்டு பேரில் ஒருவரை எடுக்கப் போகிறது என்றார். என்னைப் பற்றி ஏதாவது அனுப்பச் சொன்னார்.

"ஆன்டி, உங்க பிராண்ட் என்ன?"

"தாய்லாந்து அரிசிதான் பாஸ். உடையாது."

அவர் சிரிக்க ஆரம்பித்து வெகுநேரம் நிறுத்தவில்லை. எனக்கு அப்போதே கோபம். "அரிசிக்கு இல்ல ஆன்டி, உங்களுக்கு. புஷ்பாவுக்கு இருக்குல்ல, அந்த மாதிரி" என்றார். அந்தக் கடைசி நாலு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

என் மருமகள் கலா விசாரித்துச் சொன்னாள், பிரிக்ஃபீல்ட்ஸில் சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்கு இதைப் பற்றி இலவச வகுப்பு நடக்கிறதென்று. ரயிலேறிப் போனேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. கேக் செய்கிறவர்கள், மருதாணி வைக்கிறவர்கள், ரவிக்கை தைக்கிறவர்கள் என்று அறை நிறையப் பெண்கள். பாடம் எடுத்தது ஒரு சின்னப் பெண், சுறுசுறுப்பானவள்.

"உங்கள எங்க பார்த்தாலும் நீங்கதான்னு தெரியணும்" என்றாள்.

"என்னைப் பார்த்தா நான்தானேம்மா. வேற யாரு?" என்றேன்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு, "ஆன்டி, உங்க முகம், உங்க நிறம், உங்க ஸ்டைல், உங்க கதை. இந்த நாலும் சேர்ந்துதான் பிராண்ட். மத்தவங்க பண்ணாதத பண்ணுங்க. முக்கியமா, ஒரு பார்வையிலயே மனசுல பதியணும். படிக்கவே வேண்டாம், பார்த்ததும் புரியணும்" என்றாள்.

படிக்கவே வேண்டாம் என்றதும் எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு தெரிந்தால் போதாதா என்று எழுந்துகொண்டேன். கீழேயிருந்து சாம்பார் வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது, "அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நாலு பேருக்கிட்ட காட்டி, என்னா புரியுதுன்னு கேளுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அது கேக் செய்கிறவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் செல்வத்தின் அச்சுக்கடைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், காதுகுத்து, கருமாதி, எல்லாம் அடிப்பவர். ஐம்பது வயது மனிதர், பொறுமைசாலி. அவர் கம்ப்யூட்டரில் உட்கார, நான் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வைத்தேன்.

முதலில் முகம். ஐசி, அதான் அடையாள அட்டை, எடுத்தபோது பிடித்த படத்தைக் கொடுத்தேன்.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி படம் இல்லையா ஆன்டி?"

"ஏன், பல் டாக்டருக்கா விளம்பரம் குடுக்கறேன்? இது போதும்."

அடுத்தது நிறம். புஷ்பா ஊதா. மற்றவர்கள் மஞ்சளும் சிவப்பும். யாரும் செய்யாததைச் செய்ய வேண்டுமல்லவா? "கறுப்பு வெள்ளையில போடுங்க" என்றேன். முகம் உடனே ஒரு மாதிரி கம்பீரமாகிவிட்டது. பின்னால் வெறுமையாக இருந்ததால் கொஞ்சம் ஆகாயமும் மேகமும் வைக்கச் சொன்னேன். செல்வத்துக்கு அந்த மேகம் தேடவே வேண்டியிருக்கவில்லை, தயாராக எடுத்துப் போட்டார். படத்தின் ஓரங்களைப் புகை மாதிரிக் கரைத்தும் விட்டார். அது நான் சொன்னதில்லை. அவர் கை தானாகச் செய்தது.

அடுத்தது என் ஸ்டைல். என் எல்லாக் கோலத்துக்கும் கரை மல்லிகைச் சரம்தான். ஆகவே படத்தைச் சுற்றி மல்லிகைச் சரம். கோலம் என்றால் விளக்கு. ஆகவே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, எரிகிற மாதிரி. அப்புறம் என் கதை. நான் தொழில் தொடங்கிய வருஷம், ஒரு கோடு, அப்புறம் இந்த வருஷம். இத்தனை காலமாக இருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா? அதன் கீழே பெரிதாக என் பெயர். அதற்கும் கீழே, ராத்திரியெல்லாம் யோசித்து நானே கட்டிய வாசகம்: என்றும் உங்கள் வாசலில்.

"கோலம்னு எங்கயாவது போடணுமே ஆன்டி? போன் நம்பரு?"

"வேணாம். தெரிஞ்சவங்களுக்குத்தான அனுப்பப் போறேன். போன் நம்பரு, அட்ரஸெல்லாம் போட்டா ரோட்டோர ஒட்டுக்கடை போர்டு மாதிரி ஆயிடும். முகம் போதும்."

செல்வம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"ஆன்டி, ஒரு விஷயம் சொல்லலாமா?"

"சொல்லாதீங்க தம்பி. நான் கிளாஸுக்குப் போய்ட்டு வந்திருக்கேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர். வாயை மூடியிருக்கக் கூடாத ஒரே சமயத்தில் மூடிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அதில் எதுவுமே தப்பில்லை. முகத்தில் தப்பில்லை, மேகத்தில் தப்பில்லை, மல்லிகையில் என்ன தப்பு? நான் அதை ஒவ்வொன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தமாகப் பார்க்கிற வேலையை ஊருக்கு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். பெயர் மாணிக்கம், லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், அதிகம் பேசாதவர். போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எழுந்து போய் ரேடியோவை அணைத்தார். என் கலைக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, மகன் முரளி துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிறகு (அங்கே போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள்), மருமகளும் கிளினிக்குக்குப் போன பிறகு, சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதலில் மிஸ்டர் லிம்முக்கு அனுப்பினேன். அப்புறம் சொந்தக்காரர்கள் குழு, கோயில் குழு, பழைய எஸ்டேட் ஆட்கள் குழு, பாசார் சந்தையில் பழக்கமானவர்கள், பூக்கடை, புஷ்பாவைக்கூட விடாமல் எல்லாருக்கும் அனுப்பினேன். எழுதத் தெரியாததால் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. படம்தான் பேசுமே.

பேசியது. நான் போனைக் கீழே வைப்பதற்குள் டிங் டிங் என்று ஆரம்பித்தது. கூப்பிய கைகள். வரிசை வரிசையாகக் கூப்பிய கைகள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அப்படிக் கும்பிடு போட்டதில்லை. வெள்ளைப் பூக்கள் அனுப்பினார்கள், விளக்கு அனுப்பினார்கள். அழுகிற முகமும் நிறைய வந்தது, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். இங்கிலீஷில் மூன்று எழுத்து ஒன்றைப் பாதிப் பேர் அனுப்பியிருந்தார்கள். சூப்பரை இப்போது சுருக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. தமிழில் நீளமாக வந்தவற்றைச் சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்து அனுபவிக்கலாம் என்று எடுத்து வைத்தேன். புஷ்பாவிடமிருந்தும் வந்தது. கூப்பிய கை, உடைந்த இதயம். தோல்வியை ஒத்துக்கொண்டுவிட்டாள் பாவம் என்று கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஒன்று மட்டும் இடித்தது. யாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. சரியென்று நானே பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைக் காமாட்சி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அலோ அக்கா, நான் தெய்வானை பேசறேன். படம் பார்த்தீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. அப்புறம் போன் விழுகிற சத்தம், வாளி உருள்கிற சத்தம். அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை. வேறு சிலருக்கு அடித்தேன். அவர்களும் எடுக்கவில்லை. பெரிய ஆளாகிவிட்டால் ஜனங்கள் பேசக் கூச்சப்படுவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மயில் கழுத்துக்குச் சாயம் கலக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் வாசலில் பாய் விரித்து நீல அரிசியைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் நீலம். ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து ஒப்பாரி வந்தது.

"என் அக்காவே, என்ன விட்டுட்டு எங்கக்கா போன..."

என் தங்கை பவளத்தின் குரல். கேரி தீவிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறாள். தலைவிரி கோலமாக இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே, "எங்கக்கா போன" என்று இன்னொரு தடவை இழுத்தாள்.

"எங்கயும் போலடி. இங்கதான் அரிசி காயவைக்கறேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் நீலக் கைகளைப் பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் மலர் வளையத்தோடு இறங்கிய அவள் புருஷன், மறுபடி வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நீ சாகலையா?"

"இல்லையே."

"அப்ப இது என்னா?" என்று போனை நீட்டினாள்.

"அது என் பிராண்ட்."

"என்னாது?"

"பிராண்டுடி. என் முகம், என் ஸ்டைல், என் கதை."

"கதையா? முடிஞ்ச கதையால்ல போட்டிருக்க. பேப்பர்ல நினைவஞ்சலி பக்கத்த நீ பார்த்ததே இல்லையா? மேகம், மாலை, வெளக்கு, பொறந்த வருஷம், செத்த வருஷம்..."

"அது தொழில் தொடங்கின வருஷம்."

"அத எவன் கண்டான்? நான் என்னடான்னா அக்கா பொறந்த வருஷத்த தப்பா போட்டுட்டாங்களேன்னு அதுக்கு வேற அழுதுக்கிட்டு வரேன்."

அப்போதுதான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அந்தப் படத்தை முதன்முதலாக மொத்தமாகப் பார்த்தேன். நானே ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். "எனக்கு அன்னைக்கே தோணுச்சி. எங்க அம்மாவுக்கு அடிச்சதவிட நல்லா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.

"அப்ப ஏங்க சொல்லல?"

"நீ பேச விட்டாத்தான?"

பவளத்துக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. சாவு விழுந்த வருஷம் எங்கள் ஆட்கள் தீபாவளி கொண்டாட மாட்டார்கள். அவள் காலையிலேயே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எடுத்த புதுத் துணிகளைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். முறுக்கு மாவையும் கொடுத்துவிட்டாள். வேனுக்குள்ளிருந்து அவள் பேரப்பிள்ளைகள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, செத்திருந்தால்கூட அவ்வளவு வெறுத்திருக்க மாட்டார்கள்.

"நீ உசிரோட இருக்கறது சந்தோஷந்தான்க்கா" என்றாள், சந்தோஷமே இல்லாத முகத்தோடு. "ஆனா அந்தப் பச்சைப் புடவைய அவ இனிமே திருப்பித் தருவாளா?"

சரி, உள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டேன் என்றார்கள். சாவு வீட்டுக்கென்று கிளம்பி வந்தாயிற்று, தலை முழுகாமல் எப்படி உள்ளே வருவது?

"சாவே இல்லையேடி."

"கெளம்பியாச்சேக்கா."

ஒவ்வொருவராகப் பின்பக்கமாகப் போய் என் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி காலி. வரும்போது எல்லாரும் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். உலை வைத்தேன். தன் சாவுக்கு வந்த கூட்டத்துக்குத் தானே சோறு பொங்கிப் போட்டவள் கிள்ளானில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ரசத்தில் உப்புக் குறைவு என்று வேறு சொன்னார்கள்.

கரண்டியைக் கீழே வைத்தபோதுதான் மிஸ்டர் லிம் ஞாபகம் வந்தது. அடித்தேன். மணி அடித்து அறுந்தது. மறுபடி அடித்தேன். போனையே அணைத்துவிட்டார். செத்துப்போனவள் நம்பரிலிருந்து போன் வந்தால் யார்தான் எடுப்பார்கள்? கமிட்டி அன்றைக்கு மத்தியானம் கூடும் என்று சொல்லியிருந்தார். என் தரை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை கடை திறக்கிற நேரத்துக்கு என் வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் இறக்கினார். நுழைகிறபோதே நடுத்தரையைச் சுற்றிக் கூட்டம். ஊதா டீ-ஷர்ட் பெண்கள் கையில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு முழங்காலிட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன்.

தரையில் நான் இருந்தேன். அரிசியில், ஆளுயரத்துக்கு. மேகத்தோடும் மல்லிகையோடும். கீழே பெரிய பெரிய எழுத்தில் தெய்வானை. சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரோ பூ வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி தன் பிள்ளையிடம், "தெய்வானைன்னு பெரிய ஆர்ட்டிஸ்ட்டு. இங்க வருஷா வருஷம் இவங்கதான் போடுவாங்களாம். இப்பத்தான் பேரே தெரியுது பாரு" என்றாள்.

புஷ்பா என்னைப் பார்த்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. பட்டது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அது நிஜ அழுகை.

"அக்கா... நீங்க..."

"இருக்கேன்."

"விடிய விடிய போட்டோம்க்கா. உங்களுக்குன்னு."

திட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அவள் தோளில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டேன். அதற்குள் மிஸ்டர் லிம் ஓடிவந்தார். முகத்தில் ரத்தமில்லை. என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஆன்டி, உயிரோட இருக்கறதுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா கமிட்டி அறிவிச்சாச்சு. அஞ்சலிக் கோலம்னு போஸ்டர் ஒட்டியாச்சு. ஜனங்க அழறாங்க. கூட்டம் பாருங்க. ஆன்டி ஒண்ணு பண்ணுங்க லா. தீபாவளி முடியற வரைக்கும் வீட்டுல இருங்க. தீபாவளி முடிஞ்சதும் உயிரோட வரலாம், நோ ப்ராப்ளம்."

நீங்கள் என்னைத் திட்டுவீர்கள், ஆனால் உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். இத்தனை வருஷம் கேட்டது அந்தத் தரையில்தான் இருந்தது. என் பெயர், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. நான் வாயைத் திறந்தால் அதைப் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். பேசாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் தீபாவளி வரைக்கும் இருக்கும். செத்தவளாக இருப்பதில் எனக்கு என்ன குறை? போகலாம் என்று திரும்பினேன்.

திரும்பும்போது கண்ணில் பட்டது. என் முகத்துக்கு இரண்டு பக்கமும் அவள் மயில் போட்டிருந்தாள். கழுத்து ஒரே நீலம். அலகு தட்டை. இரண்டு வாத்துகள் என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன, கீழே என் பெயர். கிள்ளான் ஜனங்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், தெய்வானை என்றால் இதுதான் என்று.

கோலக்காரியாகச் சாகலாம். அந்த வாத்துகளோடு சாக முடியாது.

மிஸ்டர் லிம் "ஆன்டி, ஆன்டி" என்று கெஞ்சக் கெஞ்சக் கயிற்றைத் தாண்டினேன். முட்டி போட்டு உட்கார்ந்து, புஷ்பாவின் தட்டை இழுத்து, அந்தக் கழுத்தைக் கலைத்துப் போட ஆரம்பித்தேன். கூட்டம் முதலில் கவனிக்கவில்லை. அப்புறம் அந்தப் பிள்ளைதான், தரையில் இருந்த முகத்தையும் குனிந்திருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வீறிட்டது. அப்புறம் நடந்ததைக் கேட்காதீர்கள். ஒரு பெரியவர் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே படிக்கட்டைப் பார்த்து நடந்தார், நடை என்று அதைச் சொல்ல முடியாது. பாதிப் பேர் ஓடினார்கள். மீதிப் பாதி ஓடாமல் நின்று போனில் பிடித்தார்கள்.

"அக்கா, எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க" என்றாள் புஷ்பா.

"எடுக்கட்டும். கருநீலத்த இந்தப் பக்கம் தள்ளு. அலகு இப்படியா இருக்கும்? நீ மயில நேர்ல பார்த்திருக்கியா இல்லையா?"

"டிவியிலதான்க்கா."

அவளும் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மிஸ்டர் லிம் கோலத்தின் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் போய், ஓடியவர்களே குடும்பத்தோடு திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். கமிட்டி அஞ்சலியை எடுத்துவிட்டு, இரண்டு பேர் பெயரையும் போட்டது. தீபாவளி வரைக்கும் நான் தினமும் போய் என் முகத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருப்பதற்குச் சாட்சி வேண்டுமே.

பிராண்ட் கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து பூச்சோங் வரைக்கும் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் தெய்வானை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. "செத்துப்போன ஆன்டி ஃப்ரீயா இருக்காங்களா?" என்று என்னிடமே போனில் கேட்கிறார்கள். கல்யாணக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், நல்ல காரியத்துக்கு வாசலில் அந்த முகம் எதற்கென்று. ஆனால் அறுபதாம் கல்யாணக்காரர்கள் விடுவதில்லை. செத்ததாகச் செய்தி பரவினால் ஆயுசு கெட்டியாம். என் கையால் கோலம் விழுந்தால் அவர்களுக்கும் கெட்டியாகுமாம். கோலத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பார்க்கிறேன். ஆயுசைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

வீட்டிலும் விட்டபாடில்லை. நான் எந்தப் படத்தை அனுப்பினாலும், கத்திரிக்காய்ப் படமாக இருந்தாலும், முரளி உடனே போன் செய்து, "ம்மா, இது சும்மா படந்தான?" என்று கேட்கிறான். பவளம் அதற்கு மேல். பச்சைப் புடவை திரும்பி வராத ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுக்கப் போவதற்கு முன்னால் எனக்குப் போன் போடுகிறாள்.

"அக்கா, இந்த வருஷம் எப்படி? துணி எடுக்கவா, வேன் சொல்லவா?"

"துணி எடு. எனக்கு இன்னும் நல்ல படம் கிடைக்கல" என்கிறேன்.